ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ்... ஆனால் வீடியோ கால் மட்டும் கட் ஆவது ஏன்? பாக்கெட் லாஸை கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. யூடியூப் ஜம்முனு ஓடுகிறது. ஆனால் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்தால் "ஹலோ... கேக்குதா?" என்பதே பாதி நேரம். உடனே பலர் செய்வது இரண்டு வேலை. ஒன்று, அதிக ஸ்பீடு பிளானுக்கு மாறுவது. இன்னொன்று, புது ரூட்டர் வாங்குவது. இரண்டுக்கும் காசு செலவாகும், ஆனால் பிரச்னை அப்படியே இருக்கலாம். காரணம், இங்கே குறை ஸ்பீடில் இல்லை. 'பாக்கெட் லாஸ்' எனப்படும் வேறொரு கோளாறில் இருக்கிறது.

பாக்கெட் லாஸ் என்றால் என்ன?

இணையத்தில் எந்தத் தகவலும் மொத்தமாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும். இதைத்தான் பாக்கெட் என்கிறோம். பொதுவாக ஒரு பாக்கெட்டின் அளவு அதிகபட்சம் 1,500 பைட். போனில் இருந்து கிளம்பும் பாக்கெட், வீட்டு ரூட்டர், இணைய நிறுவனத்தின் ஸ்விட்ச், பெரிய ரூட்டர்கள் எனப் பல கை மாறித்தான் போய்ச் சேரும். வழியில் சில பாக்கெட்டுகள் காணாமல் போனால் அதுதான் பாக்கெட் லாஸ்.

ஸ்பீடு டெஸ்ட்டில் ஏன் தெரிவதில்லை?

வெப்சைட், டவுன்லோடு போன்றவற்றில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. யூடியூப் வீடியோவைக் கொஞ்சம் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் சின்ன இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஸ்பீடு டெஸ்ட்டும் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதால் சமாளித்துவிடும்.

வீடியோ கால், ஆன்லைன் கேம் எல்லாம் அப்படி இல்லை. ஒரு நொடி தாமதமாக வரும் வார்த்தையால் பயன் இல்லை. எனவே தொலைந்தது பெரும்பாலும் தொலைந்ததுதான். 1 சதவீத இழப்புக்கே குரல் உடைய ஆரம்பிக்கலாம். அதைத் தாண்டத் தாண்ட முகம் உறைந்து நிற்கும், கால் கட் ஆகும்.

பாக்கெட் ஏன் தொலைகிறது?

முதல் காரணம் நெரிசல். ரூட்டரிலும் ஸ்விட்ச்சிலும் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கக் கொஞ்சம் இடம் இருக்கும். அது நிரம்பிவிட்டால், அடுத்து வருவதை ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே இந்த நெரிசலால் வேகம் நொடிக்கு 32,000 பிட்டில் இருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. அதன் பிறகுதான், பாக்கெட் தொலைந்தால் 'ரோட்டில் கூட்டம்' என்று புரிந்துகொண்டு அனுப்புபவரே வேகத்தைக் குறைக்கும் முறை வந்தது.

இரண்டாவது காரணம் பழுது. மடங்கிய கேபிள், லூஸான பின், வைஃபை இடைஞ்சல் போன்றவற்றால் பாக்கெட் சிதைந்துவிடும். சிதைந்த பாக்கெட்டை ஸ்விட்ச் ஏற்காது, தள்ளிவிடும். நெரிசலா, பழுதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கே தொலைகிறது? 3 இடத்தில் சோதியுங்கள்

இதற்கு 'பிங்' என்ற சின்னக் கருவி போதும். 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதியது, இன்றும் எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஒரு முகவரியைக் கொடுக்க வேண்டும். மறுபடி இடம் விட்டு மைனஸ் குறியும் சின்ன 'டி' எழுத்தும் சேர்த்தால், நிறுத்தும் வரை ஓடும். கன்ட்ரோல், சி இரண்டையும் அழுத்தினால் நிற்கும். கடைசியில் எத்தனை சதவீதம் இழப்பு என்று காட்டும். போனில் செய்ய, பிளே ஸ்டோரில் பிங் ஆப்கள் கிடைக்கின்றன.

விண்டோஸ் வழக்கமாக 4 பாக்கெட்தான் அனுப்பும். அதில் ஒன்று போனாலே 25 சதவீதம் என்று பயமுறுத்தும். குறைந்தது 200, 300 பாக்கெட்டாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

1. வீட்டு ரூட்டர்: முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இங்கேயே இழப்பு என்றால் கோளாறு வீட்டுக்குள்தான். கஸ்டமர் கேரைத் திட்டிப் பயனில்லை.

2. வெளி முகவரி: கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1. ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, இங்கே இழப்பு என்றால் லைனிலோ இணைய நிறுவனத்திலோ சிக்கல்.

3. குறிப்பிட்ட ஆப்: மேலே இரண்டும் சரி, ஒரே ஒரு ஆப் மட்டும் மோசம் என்றால் அந்த ஆப்பின் சர்வர் பக்கம் பிரச்னை இருக்கலாம். மொபைல் டேட்டாவில் அதே ஆப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் வரிசையாகக் காட்டும் 'ட்ரேஸ்ரூட்' கருவியும் உண்டு. அதில் நடுவில் ஒரு ரூட்டர் மட்டும் பதில் தராமல் நட்சத்திரக் குறி காட்டினால் பதற வேண்டாம். பல ரூட்டர்கள் இப்படிப்பட்ட சோதனைக் கேள்விகளுக்கு வேண்டுமென்றே குறைவாகத்தான் பதில் சொல்லும். பாக்கெட் கடைசி முகவரிக்குச் சரியாகப் போகிறதா என்பதுதான் முக்கியம்.

வீட்டுக்குள் பிரச்னையா? இதைப் பாருங்கள்

லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு நேரடியாக இணைத்து, மறுபடி பிங் செய்யுங்கள். இழப்பு காணாமல் போனால் குற்றவாளி வைஃபை.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாவற்றோடும் இடத்தைப் பங்கு போட வேண்டும். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். முடியாவிட்டால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்வு செய்யலாம். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ, இரும்பு பீரோவுக்கு மேலேயோ வைக்க வேண்டாம்.

கேபிளிலும் இழப்பு தொடர்ந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட் இணைப்புக்கு கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பிகளும் நல்ல நிலையில் வேண்டும். திடீரென 100 எம்பிபிஎஸ் இணைப்பாக இறங்கியிருந்தால், ஒரு ஜோடி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, கால் பேசும்போதே போன் போட்டோக்களை பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு பாதை அடைத்துவிடும். பேக்கப்பை நிறுத்தினால் சரியாகிறதா என்று பாருங்கள்.

கடை, ஸ்கூல், ஆபீஸ் ஸ்விட்ச்சில் என்ன பார்க்க வேண்டும்?

நிர்வகிக்கும் வசதி உள்ள ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கணக்கு வைத்திருக்கும். கணக்கை ஒருமுறை அழித்துவிட்டு, சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் எது ஏறுகிறது என்று தெரியும்.

* சிஆர்சி எரர் ஏறினால்: பாக்கெட் சிதைந்து வருகிறது. கேபிள், பின், போர்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

* அவுட்புட் டிராப் ஏறினால்: நெரிசல். பல போர்ட்டுகளில் இருந்து வருவது ஒரே போர்ட்டில் முட்டுகிறது. அந்த இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டும், அல்லது கால்களுக்கு முன்னுரிமை தரும் கியூஓஎஸ் வசதியைப் போட வேண்டும்.

* லேட் கொலிஷன் ஏறினால்: ஒரு முனையில் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் அமைத்து, மறுமுனையை ஆட்டோவில் விட்டிருக்கலாம். ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். இரண்டு முனையையும் ஆட்டோவில் வைத்தால் தீரும்.

* எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் வெறித்தனமாக மின்னி, மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டால்: யாரோ ஒரே கேபிளின் இரு முனையையும் ஸ்விட்ச்சிலேயே செருகியிருக்கலாம். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் சிக்கிவிடும்.

லைனில் பிரச்னையா?

ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' லைட் சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். மின்னாவிட்டாலும் ஒளி பலவீனமாக இருக்கலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் இணைப்புகளில் அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்-க்கும் இடையே இருப்பது வழக்கம். மைனஸ் 27-ஐ நெருங்கினாலே பாக்கெட் தொலைய ஆரம்பிக்கலாம். ஃபைபர் கேபிள் கூர்மையாக மடங்கியிருந்தால் நேராக்குங்கள். ஆனால் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பார்வையைப் பாதிக்கக்கூடியது.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி மட்டும் இழப்பு என்றால் அந்தப் பகுதியில் நெரிசல் இருக்கலாம். மழை பெய்தால் மட்டும் என்றால் வெளியே உள்ள ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

புகாரில் என்ன சொல்ல வேண்டும்?

"நெட் ஸ்லோவா இருக்கு" என்றால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதற்குப் பதிலாக, "லேன் கேபிளில் ரூட்டர் வரை இழப்பு இல்லை, 8.8.8.8-க்கு இத்தனை சதவீதம் இழப்பு, இந்த நேரத்தில்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லுங்கள். பேச்சு நேராக லைனுக்கு வரும். புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த தீர்வில் திருப்தி இல்லாவிட்டாலோ, டிராய் விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.