சீனி கட்டிய மாளிகை



துரை பங்களாவைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் நாம். அந்தத் துரைமாரின் சொந்த நாட்டில், பிரபுக்கள் கட்டிக்கொண்ட மாளிகைகள் எப்படி இருக்கும் தெரியுமா? ஒன்றைப் பார்ப்போம், வாருங்கள்.

வட இங்கிலாந்தில், லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹேர்வுட் மாளிகை. எட்வின் லாசல்ஸ் என்னும் செல்வந்தர் 1759-இல் அடிக்கல் நாட்டினார். 1771-இல் குடிபுகுந்தார்கள். வெளித்தோற்றத்தை வரைந்தவர் யார்க் நகரத்து ஜான் கார். உள்ளறைகளை அலங்கரித்தவர் ராபர்ட் ஆடம். நடுவில் உயர்ந்த கட்டடம். இருபுறமும் சிறகு விரித்தாற்போல் ஒரே அளவான கட்டடங்கள். பழைய ரோமாபுரிக் கோயில்களை நினைவூட்டும் தூண்கள். அண்ணாந்து பார்த்தால் மச்சு முழுவதும் சாந்தில் செய்த பூவேலை!

மரச்சாமான்களைச் செய்தவர் தாமஸ் சிப்பண்டேல். பக்கத்து ஊரான ஓட்லியில் பிறந்தவர். நீண்ட மண்டபத்துச் சன்னல்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சீலையைக் கண்டால் துணி என்றே சத்தியம் பண்ணுவோம். அது துணியில்லைங்க, மரம்! செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். வெளியே ஏரியும் புல்வெளியும் இயற்கையாக அமைந்தவை போலத் தோன்றும். அவையும் லான்சலாட் பிரௌன் என்பவர் திட்டமிட்டு அமைத்தவைதான்.

சரி, இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சீனியிலிருந்து வந்தது. லாசல்ஸ் குடும்பத்தார் மேற்கிந்தியத் தீவுகளோடு சீனி வியாபாரமும் அடிமை வியாபாரமும் செய்தவர்கள். தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். பிற்பாடு பார்படோஸ், ஜமைக்கா தீவுகளில் கரும்புத் தோட்டங்களும் அவர்கள் கைக்கு வந்தன. அங்கே கரும்பு வெட்டியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். சம்பளம் கிடையாது.

1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் நஷ்டஈடும் கொடுத்தது. யாருக்கு? முதலாளிக்கு! ஹேர்வுட் பிரபுவுக்கு 1,277 அடிமைகளின் கணக்கில் 26,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. வெயிலில் வெந்தவனுக்கு ஒரு காசுகூட இல்லை. அதோடு, வயலில் உழைத்தவர்கள் 1838 வரை பழைய எஜமானர்களிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

மாளிகை இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. இந்த வரலாற்றை மறைக்காமல் அங்கேயே எடுத்துச் சொல்கிறார்கள். அது பாராட்டத்தக்கது.

மாணவச் செல்வங்களே! அழகான கட்டடத்தைக் கண்டால் மனமார இரசியுங்கள். கொத்தனார், தச்சர் கைத்திறனை மெச்சுங்கள். கூடவே, "இதற்காக உழைத்தவர் யார்? அவருக்குக் கிடைத்தது என்ன?" என்றும் கேளுங்கள். விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் இந்தக் கேள்வியை மறக்கலாமா?