மஹ்ரம்: காவலா, துணையா?

2002இல் ஏ9 பாதை திறந்ததும் உம்மம்மா யாழ்ப்பாணத்து வீட்டைப் பார்க்கப் புறப்பட்டா. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாள் முதல் புத்தளத்தில் இருந்தவ. "பேரன் வாறான், மஹ்ரம் இருக்கு" என்று அயலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினா. அந்த மஹ்ரம் நான்தான். உண்மையில் வழி தெரிந்தவ அவ. பயந்துகொண்டு பக்கத்தில் இருந்தவன் நான்.

ஆனையிறவைக் கடக்கும்போது, "ஆனை செத்த இடமா உம்மம்மா?" என்று கேட்டேன். போரில் அத்தனை உயிர் போன இடம்; பெயரும் எனக்கு அப்படித்தான் கேட்டது. "இல்ல மகன், ஆனை கடந்த இடம்" என்றா. தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கும்போதுதான் அது விளங்கியது. பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல். சுரம் இறந்து போவோரைச் சங்கப் பாலைப் பாடல்களில் நிறையக் காணலாம். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளும் ஆழமில்லாத இந்தக் கடல்நீரேரி வழியாகவே விற்பனைக்காகக் குடாநாட்டுக்கு வந்தன.

மஹ்ரம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். நமது பேச்சில் அது காவலாள் ஆகிவிட்டது. அரபியில் அதன் வேர் ஹ-ர-ம. ஹராம், ஹரம் ஷரீஃப், இஹ்ராம், முஹர்ரம் எல்லாம் அதே வேரில் பிறந்தவை. விலக்கும் புனிதமும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. மஹ்ரம் என்பவர் என்றைக்கும் மணமுடிக்க விலக்கப்பட்ட உறவினர். ஸூரத்துன் நிஸாவின் 23ஆம் வசனம் அந்த உறவுகளைச் சொல்கிறது. பால்குடி உறவும் அதில் உண்டு. இச்சொல் பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போனபோது, இரகசியத்தை நம்பிச் சொல்லத் தக்கவர் என்றும் பொருள் பெற்றது. எங்கும் அடிநாதம் நம்பிக்கைதான்.

பழந்தமிழில் தலைவியின் கூடவே இருப்பவள் செவிலி, வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள். மகள் உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியே தேடி நடப்பவளும் செவிலியே. வெறும் காவலுக்கு நிற்பவள் அவ்வளவு தூரம் நடப்பாளா?

போன வருடம் என் மாணவி ஒருத்திக்கு யாழ்ப்பாணத்தில் படிக்க இடம் கிடைத்தது. "மஹ்ரம் இல்லாம எப்படி சேர் அனுப்புற?" என்றார் வாப்பா. அவரது கவலை பொய்யில்லை. ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். "என் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாள், என் பெயரோ போருக்குப் பதிவாகியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மனைவியைத் திருப்பி அழைக்கச் சொல்லவில்லை, அவளோடு ஹஜ்ஜுக்குப் போகும்படி அவரிடம் சொன்னார்கள். கடமை துணைவர்மீது விழுந்தது. நமது ஷாஃபிஈ மத்ஹபில் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் குழுவும் துணையாகப் போதும். கல்விக்கான பயணத்துக்குத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்கள் வேலை. பயணம் நடக்கவே துணை என்பது மட்டும் ஒரு தமிழ் வாத்தியாருக்கும் விளங்குகிறது.

"சரி சேர், நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார் அவர். அவளோடு அவரும் ஆனையிறவைக் கடந்தார்.

அன்று உம்மம்மாவின் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கிணற்றடியில் நெடுநேரம் பேசாமல் நின்றா. நான் பக்கத்தில் நின்றேன். மஹ்ரத்துக்கு அன்று இருந்த வேலை அவ்வளவுதான்.