கெலிசா மீனின் கதை



ஜொகூர், பகாங் எல்லையில் ஓடும் எண்டாவ் ஆற்றுக்குரிய தொன்மையான மீன் கெலிசா எனப்படும் அருவானா. எலும்பு போன்ற நாக்கும் பெரிய செதில்களும் உடையது. இதன் இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவம் சீனாவில் கிடைத்துள்ளது.

முன்னாளில் ஆற்றோர மக்களுக்கு இது வெறும் கறிமீன். முள் மிகுந்ததால் பெருமதிப்பில்லை. 1975-இல் சைட்டிஸ் உடன்படிக்கை இதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. ஆனால், அரியது என்ற பெயரே ஆசையைத் தூண்டியது. நற்பேறு தரும் ‘டிராகன் மீன்’ எனச் சீனர்கள் போற்றவே, விலை பன்மடங்கு உயர்ந்தது.

கெலிசாவில் குஞ்சுகளைக் காப்பது தந்தை. முட்டைகளையும் குஞ்சுகளையும் பல வாரங்கள் தன் வாய்க்குள் வைத்துப் பேணும். மீன்பிடிப்போர் அத்தந்தையைப் பிடித்து, வாயைத் திறந்து குஞ்சுகளை எடுத்து விற்றனர். காக்கும் வாயே காட்டிக்கொடுத்தது!

இன்று பத்து பகாட் வட்டாரப் பண்ணைகளில் வளரும் கெலிசா, உடலில் நுண்சில்லு பொருத்தப்பட்டுச் சட்டப்படி விற்கப்படுகிறது. ஆறுகளிலோ அருகிவிட்டது. பண்ணையில் பெருகினால் போதும் என்று இருந்துவிடலாமா?

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் இம்மீனுக்கு ஓர் ஆறு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம்.