ஸ்பெயின் உள்நாட்டுப் போரும் போர் எதிர்ப்பு இடதுசாரிகளும்

1936 ஜூலை 17 அன்று ஸ்பானிய மொராக்கோவில் வெடித்த படைத்தளபதிகளின் கலகம், மறுநாளே ஸ்பெயின் நாட்டுக்குள்ளும் பரவியது. அவ்வாண்டு பிப்ரவரித் தேர்தலில் வென்ற மக்கள் முன்னணியின் அரசைக் கவிழ்ப்பதே அதன் நோக்கம். ஆனால் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். கலகம் தடைப்பட்டது, உள்நாட்டுப் போர் மூண்டது. மொராக்கோவில் இருந்த கலகத் தளபதி பிராங்கோவின் படையைக் கடல் கடத்திக் கொண்டுவர ஹிட்லரும் முசோலினியும் மாத இறுதிக்குள் விமானங்களை அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தலையீடு தகுமா என்று ஐரோப்பிய இடதுசாரிகள் வாதிடத் தொடங்கியபோது, தலையீடு ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. அந்த விவாதத்தைப் படிக்கும் எவரும் இந்தக் கால வரிசையை மறக்கக் கூடாது.

விவாதித்தவர்கள் முதல் உலகப் போர் வடித்தெடுத்த தலைமுறையினர். கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்றவர்கள் அவர்களில் பலர். அரசுகள் நடத்தும் போர் முதலாளிகளின் போர் என்பதும், ஆயுத வணிகர்கள் மரண வணிகர்கள் என்பதும் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள். பிரிட்டிஷ் தொழிற்கட்சி 1933 ஹேஸ்டிங்ஸ் மாநாட்டில், போரில் எவ்விதப் பங்கும் ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. பாதிரியார் டிக் ஷெப்பர்ட் தொடங்கிய சமாதான உறுதிமொழிச் சங்கம் 1936-இல் உருப்பெற்றது. போரைத் துறக்கும் வாக்குறுதியில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். அந்த வாக்குறுதியின் மை காயும் முன்பே ஸ்பெயின் குறுக்கிட்டது.

முதல் சோதனை பிரான்சுக்கு. மக்கள் முன்னணிப் பிரதமர் லியோன் புளூம் சோஷலிஸ்டு. 1914-இல் போரைத் தடுக்க முயன்று கொலையுண்ட ஜான் ஜோரேயின் சீடர். ஸ்பானிய அரசு ஆயுதம் கேட்டதும் தர விரும்பினார். ஆனால் அவருடைய அமைச்சரவையிலிருந்த ராடிகல் கட்சியினர் எதிர்த்தார்கள். பிரிட்டனின் பழமைவாத அரசு, போர் பரவும் என்று அஞ்சியது. பிரான்சிலேயே உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்ற அச்சமும் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று எல்லை ஆயுதங்களுக்கு மூடப்பட்டது. செப்டம்பர் 6 அன்று பாரிஸ் லூனா பூங்காவில், ஸ்பெயினுக்கு விமானங்கள் கேட்டு முழங்கிய தன் தோழர்கள் முன்னிலையில் புளூம் தலையிடாமைக் கொள்கைக்கு விளக்கம் தந்தார். ஐரோப்பா முழுவதும் பற்றி எரிவதைத் தவிர்க்கவே இந்த வழி என்பது அவர் வாதம். அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்தது: சமாதானவாதிகள் பொதுச்செயலாளர் பால் ஃபோரின் பின்னே நின்றார்கள், ஜான் ஜிரோம்ஸ்கியின் அணி ஆயுதம் வேண்டியது.

செப்டம்பர் 9 அன்று லண்டனில் தலையிடாமைக் குழு கூடியது. இருபத்தேழு நாடுகள் அதில் சேர்ந்தன. ஜெர்மனியும் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் அவற்றில் அடக்கம். குழுவில் அமர்ந்தபடியே முசோலினி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரைப் போர்க் காலம் முழுவதிலுமாக அனுப்பினார். ஜெர்மனியின் காண்டோர் படைப்பிரிவு 1937 ஏப்ரல் 26 அன்று குவெர்னிகா நகரைக் குண்டுவீசி அழித்தது. தலையிடாமை ஒப்பந்தம் உண்மையில் கட்டிப்போட்டது ஆயுதம் வாங்க உரிமை பெற்றிருந்த சட்டப்படியான அரசின் கைகளை மட்டுமே.

பிரிட்டிஷ் தொழிற்கட்சி இந்த உண்மைக்கு மெதுவாகவே வந்துசேர்ந்தது. 1936 அக்டோபரில் எடின்பரோ மாநாடு 18,36,000 வாக்குகளுக்கு 5,19,000 என்ற கணக்கில் தலையிடாமையை ஏற்றது. அனூரின் பெவனும் சார்லஸ் டிரெவெல்யனும் கடுமையாக எதிர்த்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த இசபெல் தெ பலென்சியா களத்தின் நிலைமையை எடுத்துரைத்தபோது மாநாடு கலங்கியது. ஆனால் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. ஓராண்டு கழித்து, போர்ன்மத் மாநாட்டில்தான் கட்சி அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பெரும் முரண்பாடும் வெளிப்பட்டது. பிராங்கோவை எதிர்க்க வேண்டும் என்று கோரியவர்களே, நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின் ராணுவச் செலவுக்கு எதிராக வாக்களித்து வந்தார்கள். பழமைவாத ஆட்சியின் கையில் துப்பாக்கி தர மனமில்லை; அந்த ஆட்சியே ஸ்பெயினைக் காக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் போகவில்லை. 1937 ஜூலையில் கட்சி அந்த எதிர்வாக்கை நிறுத்திக்கொண்டது.

விவாதம் குழம்பியதற்கு ஒரு காரணம், மூன்று வெவ்வேறு செயல்கள் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதுதான். ஓர் அரசு தன் படையை அனுப்புவது ஒன்று. தாக்குண்ட அரசு காசு கொடுத்து ஆயுதம் வாங்க அனுமதிப்பது இன்னொன்று. தொழிலாளர்கள் தாமாகவே சென்று போரிடுவது மூன்றாவது. இடதுசாரிகளில் ஏறக்குறைய யாருமே முதலாவதைக் கேட்கவில்லை. இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் கேட்டார்கள். மூன்றாவதைச் சுமார் 35,000 தன்னார்வலர்கள் செய்தே காட்டினார்கள். சர்வதேசப் படையணிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர் சேர்ந்தனர்.

பிரிட்டனின் சுதந்திரத் தொழிற்கட்சியின் செயலாளர் பென்னர் பிராக்வே இந்த வேறுபாட்டைத் தன் வாழ்விலேயே பட்டு உணர்ந்தவர். முதல் உலகப் போரில் படைச் சேவை மறுத்துச் சிறைப்பட்டவர், போர் எதிர்ப்பாளர் அகிலத்தின் தலைவராக இருந்தவர். ஸ்பெயின் போரின்போது தன் தூய சமாதானவாதத்தைத் துறந்தார். அவருடைய கட்சி 1937 ஜனவரியில் சிறு தன்னார்வலர் குழுவை அரகோன் முனைக்கு அனுப்பியது. ஜார்ஜ் ஆர்வெல் பின்னர் அதில் இணைந்தார். ஆனால் பிரிட்டிஷ் அரசு போரில் இறங்குவதை அக்கட்சி கோரவில்லை. ஏகாதிபத்திய அரசின் படை எங்கே போனாலும் தன் நலத்துக்காகவே போகும் என்று அது நம்பியது. இந்த நிலைப்பாட்டில் நேர்மை இருந்தது. ஆனால் விமானங்களும் பீரங்கிகளும் முடிவு செய்த போரில், சில டஜன் துப்பாக்கிகளால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்யின் நிலை இன்னும் வேதனையானது. 1936 ஆகஸ்டில் அவர் பார்சிலோனா சென்று அராஜகவாதத் தலைவர் துருத்தியின் படைப்பிரிவோடு சேர்ந்தார். கொதிக்கும் எண்ணெயில் கால் பட்டு வெந்ததால் சில வாரங்களில் திரும்பினார். களத்துக்கே சென்று வந்த அவர், பிரான்சு அரசு தலையிடக் கூடாது என்றே வாதிட்டார். பிரெஞ்சு அரசு தொடங்கும் போர் ஐரோப்பாவின் ஏழைகளையே கொல்லும் என்று கருதினார். தன் உயிரை ஆபத்தில் வைக்கத் தயாராக இருந்தார். ஒரு நாட்டு மக்களின் உயிரை ஆபத்தில் வைக்க அரசுக்கு உரிமை தரத் தயாராக இல்லை. 1938-இல் எழுத்தாளர் பெர்னானோசுக்கு எழுதிய கடிதத்தில், தன் தரப்பினரே பதினைந்து வயதுப் பலாஞ்சிஸ்டுச் (பாசிசக் கட்சிச்) சிறுவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றதை வெளிப்படையாகச் சொன்னார். தன் அணியின் குற்றத்தைத் தன் அணியிடமே சொல்லும் அந்தத் துணிவு அக்கால விவாதத்தில் அரிது. அவருடைய முடிவை ஏற்காதவர்களும் அந்தக் கடிதத்தைப் படித்தாக வேண்டும்.

எழுத்தாளர்களிடையே மோதல் கூர்மையாக இருந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி சமாதானவாதத்தை வற்புறுத்திச் சிறுநூல் எழுத, செசில் டே லூயிஸ் எதிர்நூல் எழுதினார். அமெரிக்காவில் சோஷலிஸ்டுத் தலைவர் நார்மன் தாமஸ் ஆயுதத் தடையை எதிர்த்ததோடு, தன் கட்சியின் பெயரால் தன்னார்வலர் படை திரட்டவும் முயன்றார்; ஜான் ஹேன்ஸ் ஹோம்ஸ் போன்ற பழைய சமாதானவாதத் தோழர்கள் அவரைக் கண்டித்தார்கள்.

சமாதானவாதிகளின் எச்சரிக்கைகள் வீணானவை அல்ல. மற்ற கதவுகள் அடைபட்டபோது ஸ்பானிய அரசு மாஸ்கோவை நாடியது. 1936 அக்டோபரில் சுமார் 510 டன் தங்கம் அங்கே அனுப்பப்பட்டது. ஆயுதத்தோடு அரசியலும் வந்தது. 1937 மே மாதம் பார்சிலோனாத் தெருக்களில் இடதுசாரிகளே ஒருவரையொருவர் சுட்டார்கள். பின்னர் ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான பி.ஓ.யு.எம். தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் ஆந்த்ரே நின் கடத்திக் கொல்லப்பட்டார். போர் புரட்சியை விழுங்கும் என்று சொன்னவர்கள் இதில் சரியாகவே சொன்னார்கள். ஆனால் ஆயுதம் மறுக்கப்பட்டதே மாஸ்கோ மீதான சார்பை ஆழப்படுத்தியது என்பதை அவர்களில் பலர் கணக்கில் எடுக்கவில்லை. பிராங்கோவின் படையில் பல்லாயிரம் மொராக்கோ வீரர்கள் இருந்தபோதும், அவர்கள் நாட்டுக்கு விடுதலை அறிவிக்க ஸ்பானியக் குடியரசு முன்வரவில்லை. குண்டு செலவில்லாமல் எதிரியைப் பலவீனப்படுத்தக்கூடிய இந்த வழி, ஆயுதம் பற்றிய சண்டையில் போதிய கவனம் பெறாமலே போயிற்று.

செயல்தளத்தில் இரு அணிகளும் பலமுறை கைகோத்தன. 1937 மே மாதம் ஹபானா கப்பலில் சௌத்தாம்ப்டன் வந்திறங்கிய ஏறத்தாழ 4,000 பாஸ்கு சிறுவர் சிறுமியருக்கான இல்லங்களில் தொழிற்சங்கத்தினரும் சமாதானவாதிகளும் உழைத்தார்கள். போர் எதிர்ப்பாளர் அகிலத்தின் சார்பில், ஸ்பானிய சமாதானவாதி ஹோசே புரோக்கா, பிரான்சின் பிராத்-தெ-மொல்லோ ஊரில் அகதிகளுக்கு உதவினார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்தும் ஆதரவு வந்தது. 1938 ஜூனில் ஜவஹர்லால் நேரு கிருஷ்ண மேனனுடன் பார்சிலோனா சென்று குண்டுவீச்சின் நடுவே தங்கினார். அடிமை நாட்டின் தலைவராக இருந்தும் அவர் குடியரசின் பக்கம் வெளிப்படையாக நின்றார்.

1938 செப்டம்பரில் சர்வதேசப் படையணிகள் விலக்கப்படும் என்று குடியரசின் பிரதமர் நெக்ரின் அறிவித்தார். பிராங்கோவைக் கைவிடும்படி ஜெர்மனியையும் இத்தாலியையும் உலகக் கருத்து நெருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் அம்மாத இறுதியிலேயே, பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு இணங்கிய மியூனிக் உடன்பாடு கையெழுத்தானது. 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா வீழ்ந்தது. பிப்ரவரி 27 அன்று பிரிட்டனும் பிரான்சும் பிராங்கோவின் ஆட்சியை ஏற்றன. ஏப்ரல் 1 அன்று போர் முடிந்தது. தலையிடாமைக் குழு அந்த மாதமே கலைக்கப்பட்டது. தடுக்க நினைத்த பெரும்போர் ஐந்து மாதங்களில் தொடங்கியபோது, விவாதித்தவர்கள் மீண்டும் பிரிந்தார்கள். 1938-இல் போரை எதிர்த்துச் சுதந்திரத் தொழிற்கட்சியில் சேர்ந்திருந்த ஆர்வெல் போரை ஆதரித்தார். 1939-இல் சமாதானவாதத்தைக் கைவிட்ட சிமோன் வெய், பின்னர் லண்டனில் சுதந்திர பிரான்சு அமைப்பில் பணியாற்றி 1943-இல் இறந்தார். ஹக்ஸ்லி தன் நிலையில் மாறவில்லை. ஸ்பெயினுக்கு ஆள் அனுப்பிய பிராக்வேயோ, அந்த உலகப் போரின்போதும் படைச் சேவை மறுத்தவர்களுக்காகவே உழைத்தார்.