நெற்றிக்குப் பின்னே

"எல்லாம் தலையெழுத்து" என்பர் நம் முதியோர். நெற்றியிலே எழுதப்பட்டிருக்கிறதாம், அழிக்க இயலாதாம்! அந்த எழுத்தைக் கண்டவர் உண்டா? இல்லை. ஆனால், அதே நெற்றியெலும்புக்குப் பின்னே இருப்பதை ஆராய்ந்தோர் உண்டு. அவர்கள் அங்கே கண்டது விதியை அன்று, தேர்ந்தெடுக்கும் திறனை. அத்திறனை அளக்கக் கிடைத்த கருவியோ, கண்ணின் அசைவு!

நம் கண்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகின்றன. அடுத்து எங்கே தாவுவது? யார் முடிவு செய்வது?

1870-இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர், நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தினர், உடல் அசைந்தது. அந்த வழியே சென்றார், பிரிட்டனில் டேவிட் ஃபெரியர். குரங்கின் மூளையில் முன்பகுதியின் ஓரிடத்தைத் தூண்டினார். கண்களும் தலையும் எதிர்ப்புறம் திரும்பின. முன்மடல்கள் நீக்கப்பட்ட குரங்குகள் கண்டன, கேட்டன, நடந்தன. ஆனால் கூர்ந்து நோக்கும் பண்பை இழந்தன என்று 1876-இல் எழுதினார். விலங்குவதைச் சட்டத்தின்படி 1881-இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது, தள்ளுபடியாயிற்று. எனினும் இந்த அறிவுக்காக வாயில்லா உயிர்கள் கொடுத்த விலையை நாம் மறத்தல் ஆகாது.

கண் திரும்புகிறது, சரி. தேர்ந்தா திரும்புகிறது? அதை அறிய எளியதொரு சோதனையை 1978-இல் ஹாலெட் என்ற அறிஞர் அமைத்தார். ஒரு பக்கம் ஒளி தோன்றும். அதைப் பாராதே, எதிர்ப்பக்கம் பார்! அவ்வளவுதான். ஒளி மின்னியதும் அதன்மேல் பாயக் கண்ணைத் தூண்டும் பகுதி நடுமூளையிலே உண்டு. அப்பாய்ச்சலை அடக்கிய பின்னரே எதிர்ப்பக்கம் நோக்க முடியும்.

அடக்குவதில் யாருக்குப் பங்கு? 1985-இல் விடை வந்தது. வலிப்பு நோய்க்காக முன்மடலின் பகுதி அகற்றப்பட்டோரை இச்சோதனைக்கு உட்படுத்தினர். பாராதே என்ற ஒளியையே அவர்களுள் பலரின் கண்கள் மீண்டும் மீண்டும் நாடின.

1989-இல் ஃபுனஹாஷி, புரூஸ், கோல்ட்மன்-ராக்கிச் ஆகிய மூவர் மேலும் ஒரு படி ஏறினர். குரங்கின்முன் ஓரிடத்தில் ஒளி தோன்றி மறையும். சில நொடி பொறுத்த பின்னரே அவ்விடத்தை நோக்க வேண்டும். ஒளி மறைந்த பின்னும், முன்புறப் புறணியின் நரம்பணுக்கள் சில இடைவிடாது துடித்தன. ஒவ்வோர் அணுவுக்கும் தனக்கென ஒரு திசை! துடிப்பு இடையிலே தளர்ந்தபோது குரங்கின் பார்வையும் தவறிற்று. கண்முன் இல்லாததைக் கருத்திலே ஏந்தி, காலம் வரும்வரை காத்து, கண்ணுக்கு வழிகாட்டும் பணி அங்கே நடக்கிறது.

இன்னும் ஒன்று. ஒளியைப் பாராது அடக்கும் ஆற்றல், பிறக்கும்போதே முழுமையாக வந்துவிடுவதன்று. சிறு குழந்தைகள் மிகுதியும் தவறுகின்றனர். பள்ளிப் பருவம் முழுதும் தவறு குறைந்துகொண்டே வருகிறது.

எனில், நெற்றிக்குப் பின்னே இருப்பது எழுதி முடித்த ஏடா? இல்லை; எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஏடு! "படிப்பு இவன் தலையில் எழுதவில்லை" என்று பத்து வயதுச் சிறுவனைப் பட்டறைக்கும், "பெண்ணுக்கு எதற்கு?" என்று அவன் தமக்கையை அடுப்படிக்கும் அனுப்புவோரே! வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு முடிவுரை எழுத உங்களுக்கு உரிமை தந்தது யார்?