உறுதி எழுதி வாங்கிய ஆறு

மேரி ஒஸ்ரின் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் நூல் 1903இல் வெளிவந்தது. மழை அரிதான நிலமொன்றைப் பற்றிய நூல். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் வாழ்ந்தபடியே அதனை எழுதினார். கூடை முடையும் பையூட் பழங்குடிப் பெண்ணொருத்தியும் அதில் வருகிறாள். நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுக்கு விலை பேசியாயிற்று.

பேசியவர் பிரெட் ஈற்றன், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் முன்னாள் மேயர். அங்கே நீருரிமை காணியோடு பிணைந்திருந்தது. காணியை வாங்கினால் நீரும் கூடவே வரும். 1905இல் அவர் காணிகளை வாங்கியபோது, மத்திய அரசின் நீர்ப்பாசனத் திட்டத்துக்காகவே வாங்குகிறார் என விவசாயிகள் பலர் நம்பினர். அத்திட்டத்தின் பொறியியலாளர் லிப்பின்கொற் நகரத்திடமும் ஊதியம் பெற்றவர் என்பது பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வூர் அரச காணி அலுவலகத்தில் பதிவாளராக இருந்த மேரியின் கணவர் வாஷிங்டனுக்கு முறைப்பாடு எழுதினார். பயனில்லை. 1913 நவம்பரில், மல்ஹொலண்ட் கட்டிய 233 மைல் நீளக் கால்வாய் வழியே ஆற்றுநீர் நகரத்தை அடைந்தது.

1920களில் வறட்சி வந்தது. நகரம் மேலும் பண்ணைகளை வாங்கியது. 1924 மே மாதம் கால்வாய்க்கு டைனமைற் வைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஊர்மக்கள் அலபாமா மதகைக் கைப்பற்றி, நான்கு நாட்கள் நீரைத் திருப்பி விட்டனர். எதிர்ப்பை முன்னின்று நடத்திய வற்றர்சன் சகோதரர்களின் வங்கி 1927இல் முறிந்தது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக அவர்கள் சிறை சென்றனர். போராட்டமும் அத்தோடு ஓய்ந்தது. ஆறு போய்ச் சேர்ந்த ஏரியோ அதற்கு முன்னரே வற்றிவிட்டது. அதன் படுகையிலிருந்து எழும் புழுதியை அடக்க, 2001 முதல் அதே நகரம் அங்கே நீர் விட்டு வருகிறது!

இதனை விவசாயிகள் வஞ்சிக்கப்பட்ட கதையாகவே பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. விற்றவர்களுக்குப் பணமாவது கிடைத்தது. வெள்ளையர் வருமுன்பே பையூட் மக்கள் அங்கே வாய்க்கால் வெட்டி, காட்டுக் கிழங்குகளுக்கு நீர் பாய்ச்சியவர்கள். 1863இல் படையினர் அவர்களைத் தேஜோன் கோட்டைக்குத் துரத்தினர். திரும்பி வந்தவர்கள், தம் பழைய நிலத்திலேயே குடியேறிகளின் பண்ணைகளில் கூலிகளாயினர். ஈற்றன் எழுதுவித்த உறுதிகளில் அவர்களுக்கு ஒப்பமிட இடமேது?

1937இல் மத்திய அரசும் நகரமும் காணிகளை மாற்றிக்கொண்டு அவர்களுக்குக் குடியிருப்பு நிலம் ஒதுக்கின. நிலம் கைமாறியது, நீருரிமை மாறவில்லை. அதை விட்டுக்கொடுக்க நகர வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்றது நகரின் சாசனம். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.