நிரைக்கு நடுவே இருந்த மண்



1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது இரப்பர்க் கன்றுகளைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்கிறோம். அம்மரங்கள் நின்ற மண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்வதில்லை. சுங்காய் போன்ற தோட்டப்புறங்களில் கற்பிக்கும் நமக்கு அது அயல்நாட்டுக் கதையன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிரைகளுக்கு இடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பதே துரைமார்களின் கொள்கை. லாலாங் புல் மீது அவர்களுக்கு அத்துணை அச்சம். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாட்கூலிக்கு மண்ணைச் சுரண்டி வெறுமையாக்கினர். சரிவான நிலங்களில் மழை மேல்மண்ணை அடித்துச் சென்று ஆறுகளைத் தூர்த்தது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் ‘பா ஆயர் மேரா’, அதாவது செந்நீர் வெள்ளம் என்றே அழைத்தனர். தோட்டத்து மண் கெட்டதற்குக் கூலியாள் மீது பழி சுமத்துவோரை நான் ஏற்பதில்லை. மண்வெட்டிதான் அவர்கள் கையில் இருந்தது, கட்டளை மேலிருந்து வந்தது.

பின்னர் எண்ணம் மாறியது. 1925இல் சட்டத்தின்வழி நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆய்வுக்கழகமும் இம்மாற்றத்தில் பங்காற்றியது. கலப்போகோனியம், செந்திரோசிமா, புவேரேரியா ஆகிய அவரையினக் கொடிகள் நிரைகளுக்கு இடையே படரவிடப்பட்டன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும்; உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகும். உழாமல், கிளறாமல் மண்ணைக் காக்கும் இன்றைய உழவில்லா வேளாண்மைக்கு இது நெருங்கிய உறவு.

ஆனால் கிளறாத மண்ணைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உழுத நிலத்தில் உரம் கலந்துவிடும். உழாத நிலத்திலோ மணிச்சத்து மேலேயே தங்கிவிடும். தழைச்சத்து உரத்தால் வரும் புளிப்பும் மேல்மண்ணில்தான் மிகும். ஆதலால் ஆழத்தைக் குறிக்காமல் எடுத்த மாதிரி பயனற்றது. மேல் 15 சென்டிமீட்டரைத் தனியாகவும், அடுத்த 15ஐத் தனியாகவும் துளைக்கருவியால் எடுத்தல் வேண்டும். இடமும் முக்கியம். இரப்பருக்குப் பின் வந்த செம்பனையில், மரத்தைச் சுற்றி உரமிடும் வட்டத்து மண் வேறு. மட்டைகளைக் குவிக்கும் நிரையிடை மண் வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் கிடைக்கும் எண் எந்த இடத்தையும் காட்டாது.

பள்ளித் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம். பல இடங்களில் மண் எடுத்து, ஆழவாரியாகப் பிரித்து, நிழலில் உலர்த்தி, நிறத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். புளிப்பறியும் தாள் இருந்தால் இன்னும் நன்று. தாத்தா பாட்டி புல்வெட்டிய நிரைகளைப் பற்றி வீட்டில் கேட்டு வரவும் சொல்லுங்கள். அந்த விடைகளை எழுதி வைக்க ஒரு தனிக் குறிப்பேடு தேவைப்படும்.